லாப் அக்கா பதில்கள்: ‘வருத்தம் இல்லாத ஆளுக்கு எதுக்கு ரெஸ்ற்?’

போன இதழில் இரத்தக்குறைவைப் பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி வேறு ஒன்றைக் கேட்கின்றன: ஒரு வருத்தமும் இல்லாத ஆள் ஏன் ரெஸ்ற் செய்ய வேண்டும், செய்வதென்றால் எதை? சரி, இந்த முறை முழுக்க அதுதான்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு: நான் டொக்டர் இல்லை. வன்னி ஆஸ்பத்திரிகளில் 31 வருடம் லாப்பில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஒரு காலத்தில் என் பகல் பொழுதெல்லாம் மலேரியா பார்க்க இரத்தம் தடவிய கண்ணாடித் துண்டுகளோடுதான் போனது. 2012க்குப் பிறகு உள்ளூரில் மலேரியா இல்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்துவிட்டது. நுளம்பு விட்ட கதிரையில் சீனியும் பிறஷரும் வந்து குந்திக்கொண்டன. மலேரியா என்றால் குலைப்பன் போட்டு ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிடும். இவை இரண்டும் சத்தம் போடாதவை. தேடிப் போய்த்தான் பிடிக்க வேண்டும்.

கனடாவில் இருக்கிற மகள், யாழ்ப்பாணம் போய் ‘ஃபுல் பொடி செக்கப்’ செய்யச் சொல்லிக் காசு அனுப்பியிருக்கிறாள். 60க்கு மேல் ரெஸ்ற் உள்ள பக்கேஜாம். எனக்கு வயது 58, ஒரு வருத்தமும் இல்லை. போகவா, விடவா? – வாசகி, மல்லாவி

பரிசோதனை செய்யுங்கள் தங்கச்சி, ஆனால் அந்தப் பக்கேஜ் வேண்டாம். ஏன் என்பதை லாப்புக்கு உள்ளே இருந்து சொல்கிறேன்.

ரிப்போட்டில் உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் ‘இயல்பான அளவு’ என்று இரண்டு எண்கள் போட்டிருக்கும். சுகதேகிகள் பலரின் இரத்தத்தைப் பார்த்து, நடுவில் விழுகிற நூற்றுக்கு 95 பேரை எடுத்துக்கொண்டு இரண்டு கரையிலும் கோடு போட்டு வந்த எண்கள் அவை. மிச்சம் 5 பேரும் சுகதேகிகள்தான், ஆனாலும் கோட்டுக்கு வெளியே. அப்படியென்றால் ஒரு வருத்தமும் இல்லாத ஆளுக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனை செய்தால், ஒன்றாவது வெளியே விழும் வாய்ப்பு நூற்றுக்கு 64. 60 செய்தால், ஒன்றும் வெளியே விழாமல் தப்புவதுதான் புதினம்.

அந்தப் பட்டியலில் ‘புற்றுநோய் மார்க்கர்’ என்று இரண்டு மூன்று இருக்கும், பாருங்கள். அவை புற்றுநோய் உள்ள ஆளுக்கு வைத்தியம் எப்படிப் போகிறது என்று பார்க்க உதவுபவை. சுகமான ஆளில் வருத்தத்தைத் தேடப் பொருத்தமானவை அல்ல. சிஇஏ என்பது சிகரெட் குடிப்பவருக்கே கூடும். சிஏ 125 மாதவிடாய் நேரத்திலும் கூடும். துணுக்காய்ப் பக்கத்துப் பெண் ஒருவருக்கு இந்தச் சிஏ 125 கொஞ்சம் கூடக் காட்டி, கொழும்புக்கு இரண்டு தரம் போய், ஸ்கான் எடுத்து, ஒன்றரை மாதம் நித்திரை இல்லாமல் கிடந்தார். கடைசியில் கருப்பையில் சின்னதாய் ஒரு தசைக்கட்டி. கை வைக்கவே தேவையில்லாதது. வெளிநாட்டில் இருந்த மகன் ரிக்கெற்றும் போட்டுவிட்டான்.

உங்களுக்கு வேண்டியது அருகிலேயே இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் அரச ஆஸ்பத்திரிகளிலும் ‘ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையம்’ நடக்கிறது. 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, இலவசம். எந்த நாள் என்று மிட்வைஃபைக் கேட்டு, காலையில் வெறும் வயிற்றோடு போங்கள். நிறை, உயரம், பிறஷர், சீனி, கொழுப்பு பார்ப்பார்கள், வாயையும் திறந்து பார்ப்பார்கள். வருகிற 10 வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு நிற அட்டவணையில் வைத்துச் சொல்வார்கள். மார்பகத்தைத் தாதியிடம் கட்டாயம் காட்டுங்கள். டொக்டரிடம் சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியேற்றினின் என்ற இரத்தப் பரிசோதனையும் சலப் பரிசோதனையும் கேட்கலாம். கண்ணையும் ஒருக்கால் காட்டிவிடுங்கள்.

மகளின் காசில் ஒரு பிறஷர் மெசின் வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேற்கையில் கட்டுவது. அளக்கும் விதமும் முக்கியம். ரீ குடித்து அரை மணித்தியாலம் போக வேண்டும். சலம் முட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. முதுகு சாய்ந்து, கால் இரண்டும் நிலத்தில் பட, 5 நிமிடம் சும்மா இருங்கள். கையை மேசையில் நெஞ்சுக்கு நேராக வையுங்கள். வாய் திறக்கக்கூடாது, எங்கள் ஆட்களுக்கு அதுதான் கஷ்டம். இரண்டு தரம் எடுத்து இரண்டையும் கொப்பியில் எழுதுங்கள். வீட்டில் எடுப்பது 135க்கு 85 அல்லது அதற்கு மேலே பல நாள் நின்றால் கொப்பியோடு டொக்டரிடம் போங்கள். பஸ்ஸால் இறங்கி வெயிலில் ஓடிவந்து எடுத்த ஒரே ஒரு பிறஷரை வைத்து ஒருவரும் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

வெறும் வயிற்றுச் சீனி 118 வந்தது. முதல்நாள் இரவு 8 மணிக்குப் பிறகு சாப்பிடவில்லை. விடிய ஒரு பிளேன்ரீ மட்டும், அதுவும் சீனி போடாமல் பனங்கட்டி கடித்துத்தான் குடித்தேன். கணக்குச் சரியா? – 43 வயது, முழங்காவில்

தம்பி, நாக்கில் பனங்கட்டி வேறு, சீனி வேறு. இரத்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான். லாப் யன்னலில் நின்று “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டால் எல்லாரும் “இல்லை” என்பார்கள். “ரீ குடிச்சீங்களா?” என்று தனியாகக் கேட்டால்தான் உண்மை வரும். நான் பிற்காலத்தில் “பனங்கட்டி?” என்று மூன்றாவதாகவும் கேட்கப் பழகிக்கொண்டேன்.

8 முதல் 10 மணித்தியாலம் ஒன்றும் வேண்டாம், வெறும் ரீயும் வேண்டாம். பச்சைத் தண்ணீர் மட்டும் குடியுங்கள். அதையும் விட்டுவிட்டு வருபவர்களுக்கு நரம்பு தேடி இரண்டு கையிலும் குத்த வேண்டியிருக்கும், பிறகு என்னைத் திட்டுவார்கள். அடுத்த கிழமை ஒழுங்காக வெறும் வயிற்றில் திரும்பச் செய்யுங்கள். 100க்குக் கீழே என்றால் நல்லது. 100 முதல் 125 என்றால் சலரோகம் வாசலில் நிற்கிறது. சோற்றைக் குறைத்து, நடையைக் கூட்டி, வருடம் ஒரு தரம் பார்க்க வேண்டும். 126 அல்லது அதற்கு மேல் இரண்டு தரம் வந்தால் சலரோகம்தான்.

இன்னொன்று. ரெஸ்றுக்காக மூன்று நாள் பத்தியம் இருந்து நல்ல எண்ணோடு வீட்டுக்குப் போகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்கத்தான் எச்பிஏ1சி இருக்கிறது. அது கடைசி இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்லும், 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் மறைக்க முடியாது. ஆனால் இரத்தக்குறைவு உள்ளவர்களில் அது பிழையாகக் காட்டலாம் என்பதை டொக்டருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

அப்பா சிறுநீரக வருத்தத்தில் செத்தவர். நானும் வயல்தான் செய்கிறேன், குழாய்க்கிணற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறோம். வயது 36, உடம்பில் ஒன்றும் தெரியவில்லை. எப்போது பார்க்க வேண்டும்? – நெடுங்கேணி

இப்போதே. உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன்.

வடமத்திய மாகாணத்தில் பேசப்படும் அந்தச் சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களிலும் இருக்கிறது. சீனி, பிறஷர் என்று வழமையான காரணம் எதுவும் இல்லாத வயல்காரருக்கு வருகிறது. தண்ணீரின் கல்சியமும் புளோரைட்டும், கிருமிநாசினி, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்று பலதையும் சந்தேகிக்கிறார்கள்; இதுதான் என்று ஒன்றில் விரல் வைக்க முடியவில்லை. உடம்பில் ஒன்றும் தெரியவில்லை என்கிறீர்கள். தெரியாதுதான். கால் வீங்கி, சத்தி வரத் தொடங்கும்போது நேரம் நிறையப் போயிருக்கும்.

இரண்டு பரிசோதனை வேண்டும்: இரத்தத்தில் கிரியேற்றினின், சலத்தில் அல்புமின் என்ற புரதம். ஒன்றை மட்டும் செய்து திருப்திப்பட வேண்டாம். இந்த வகை நோயில் தொடக்கத்தில் சலத்தில் புரதம் அதிகம் போகாது, ஆகவே சலம் நல்லதென்பதை நம்பிவிட முடியாது. கிரியேற்றினினும் லேசில் வாய் திறக்காது. சிறுநீரகத்தின் வேலையில் பாதியளவு போகும்வரை ‘இயல்பு’ என்றே காட்டக்கூடும். அதனால் அந்த எண்ணோடு உங்கள் வயதையும் சேர்த்துக் கணக்கிடும் இஜிஎஃப்ஆரை டொக்டரிடம் கேளுங்கள். அது 60க்குக் கீழே மூன்று மாதம் நின்றால் நோய் என்று அர்த்தம். இந்த வருடம் 0.9, அடுத்த வருடம் 1.1, அதற்கடுத்து 1.3 என்று ஏறினால் முதல் இரண்டு ரிப்போட்டையும் தனித்தனியே பார்ப்பவர் ‘நோர்மல்’ என்பார். மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவருக்குத்தான் கதை விளங்கும். ரிப்போட்டை எறியாதீர்கள்.

நெல் வெட்டி, மூட்டை தூக்கிய அடுத்த நாள் விடிய இரத்தம் கொடுக்காதீர்கள். ஒரு நாள் ஆறி, நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். நாரி நோவுக்குக் கடையில் டைக்ளோபினாக் வாங்கிப் போடுகிற பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விடுங்கள்.

கைவிரலில் குத்துகிற மெசின் ஒரு எண் சொல்கிறது, லாப் வேறு எண் சொல்கிறது. எதை நம்புவது? – விசுவமடு

லாப்பை. மெசினுக்கு நூற்றுக்கு 15 வரை கூடக்குறையக் காட்ட அனுமதி உண்டு. லாப்பிலும் பிழை வரும், மறைக்கவில்லை: குழாயில் எடுத்த இரத்தம் உயிருள்ள பொருள், அதிலுள்ள சிவப்பணு சீனியைத் தின்றுகொண்டே இருக்கும், மணித்தியாலத்துக்கு நூற்றுக்கு 5 முதல் 7 வரை. அதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடிக் குழாய். ஒரு முறை முகாம் ஒன்றில் இரத்தம் எடுத்து, குழாய் மாறி, வெயிலில் வாகனத்தில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்று எல்லாருக்கும் சீனி அருமையாக இருந்தது!

மெசினில் நான் கண்ட பெரிய பிழை பாலைப்பழக் காலத்தில்தான். ஒட்டுசுட்டான் பக்கத்து ஐயா ஒருவர், மெசின் 340 காட்டிப் பதறி ஓடிவந்தார். கையைப் பிடித்தால் பசை மாதிரி ஒட்டுகிறது. “பாலைப்பழம் சாப்பிட்டீங்களா?” “அது விடியத்தானே பிள்ளை.” சோப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்தினேன். 124.

2009இல் காயப்பட்டு உடம்பில் மூன்று செல் (எறிகணை) துண்டுகள் இருக்கின்றன. பக்கத்து வீட்டில் ஒருவர் ‘முழு உடம்பு எம்ஆர்ஐ’ எடுத்தால் ஒளிந்திருக்கிற வருத்தமெல்லாம் தெரியும் என்கிறார். எடுக்கலாமா? – 47 வயது, புதுக்குடியிருப்பு

சும்மா பார்க்கவென்று எடுக்கவே வேண்டாம், தங்கச்சி. எம்ஆர்ஐ பெரிய காந்தம். இரும்புத் துண்டு அதற்குள் போனால் இழுபடலாம், சூடாகலாம். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் இவற்றின் கிட்ட இருந்தால் ஆபத்து. வேறு நோய்க்காக டொக்டர் கேட்டாலும், முதல் வார்த்தையாக “எனக்குள் செல் துண்டு இருக்கு” என்று சொல்லுங்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்து எங்கே இருக்கிறது என்று பார்த்து, ஸ்கான் டொக்டர் முடிவு சொல்வார். தென்பகுதியில் இருந்து புதிதாக வந்தவருக்கு அதைக் கேட்கத் தோன்றாமல் போகலாம். இங்கே எத்தனை பேர் அப்படி நடமாடுகிறோம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எக்ஸ்ரே, சிரி ஸ்கான், அல்ட்ராசவுண்ட் இவற்றுக்கு இந்தப் பயம் இல்லை.

அந்த நேரத்துக் கிளினிக் கொப்பியெல்லாம் போன இடம் தெரியாது, எனக்கும்தான். புதுக் கொப்பியின் முதல் பக்கத்தில் எந்த இடத்தில் எத்தனை துண்டு என்று சிவப்புப் பேனையால் எழுதி வையுங்கள். நீங்கள் மயங்கிக் கிடந்தாலும் கொப்பி கதைக்கும்.

அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் வெற்றிலை போடுகிறார். வயது 52. ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டார். – வற்றாப்பளை

இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்க்குத்தான். புகையிலை மட்டும் என்று நினைக்காதீர்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் பட்டியலில் போட்டுவிட்டது.

இந்தப் பரிசோதனைக்கு ஊசியும் இல்லை, லாப்பும் இல்லை. காலை வெளிச்சத்தில் முற்றத்தில் இருத்தி, வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வெற்றிலை அடக்குகிற கொடுப்புப் பக்கத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் தடிப்பு, வெல்வெற் மாதிரிச் சிவப்பு, இரண்டு மூன்று கிழமையாக ஆறாத புண். நாக்கின் இரண்டு கரை, நாக்குக்குக் கீழ். பிறகு தன் மூன்று விரலை நிறுத்தி வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். போகாவிட்டால் வாய் இறுகத் தொடங்கிவிட்டது. இதில் ஒன்று இருந்தாலும் பல் டொக்டரிடம் கூட்டிப் போங்கள். நோவில்லையே என்பார், தொடக்கத்தில் நோகாது. “ரெஸ்றுக்கு வா” என்றால் வரமாட்டார். “பல்லைக் காட்டுவம்” என்றால் வருவார்.

மிட்வைஃப் மூன்று தரம் வெல் வுமன் கிளினிக்குக்கு வரச்சொல்லிவிட்டார். 35 வயது. வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. – மாங்குளம்

மூன்று பிள்ளை பெற்றவர்களும் இதையேதான் சொல்வார்கள் பிள்ளை. இந்தக் கிளினிக் 1996 முதல் நாட்டில் நடக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே தேடும் பப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். திரைக்குப் பின்னால், ஐந்து நிமிடத்துக்குள் முடியும். கருப்பையின் கழுத்தில் ஒரு சின்ன மரத்துண்டால் மெதுவாக வழித்து, கண்ணாடியில் தடவி அனுப்புவார்கள். வெட்டுவதில்லை, தைப்பதில்லை. கொஞ்சம் அந்தரமாக இருக்கும், அவ்வளவுதான்.

இதை நான் மற்றப் பரிசோதனைகளுக்கு ஒரு படி மேலே வைப்பேன். சீனி ரெஸ்ற் வந்த வருத்தத்தைச் சொல்கிறது. இது வருத்தம் ஆகுமுன்னே, மாறத் தொடங்கிய கலங்களையே காட்டிவிடும். அங்கிருந்து புற்றுநோய் ஆக வருடக்கணக்கில் எடுக்கும், அதற்குள் வைத்தியம் செய்துவிடலாம். மாதவிடாய் இல்லாத நாளாகப் போங்கள். ரிப்போட் வரக் கிழமைகள் ஆகும், வரவில்லை என்றால் ‘ஒன்றுமில்லை’ என்று நீங்களே முடிவெடுக்காமல் கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளை இருந்தால் பள்ளிக்கூடத்தில் போடும் எச்பிவி ஊசிக்கும் சம்மதம் கொடுங்கள். 2017 முதல் போடுகிறார்கள், இதே புற்றுநோய்க்கான தடுப்புத்தான்.

ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நீங்கள் எத்தனை வயதில் செய்தீர்கள்? – கனகராயன்குளம்

மாட்டிக்கொண்டேன். 49 வயது வரை ஒன்றும் செய்யவில்லை. என் தாய்க்குச் சலரோகம், தாய்மாமனுக்கு ஒரு கால் எடுத்தது, ஆனாலும் செய்யவில்லை. ஒரு நாளைக்கு 60 பேரின் சீனி பார்க்கிறவளுக்கு, தனக்கு வராது என்று ஒரு எண்ணம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

லாப்புக்குப் புது மெசின் வந்த அன்று, ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சொட்டு இரத்தம் வேண்டும். வெளியே ஒருவரும் இல்லை. என் விரலிலேயே குத்தினேன். 287. மெசின் பழுது என்று பெட்டியைப் பார்த்துத் திட்டிவிட்டு, கூட வேலை செய்த தம்பியின் விரலில் குத்தினேன். 96. திரும்ப என் விரலில். 291. அந்தத் தம்பி என்னைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் ஞாபகம்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தரம் சீனி, வருடம் ஒரு தரம் கண், கிரியேற்றினின், சலம், கால் பாதம். எல்லாம் ஒரே கொப்பியில். கடைசி வரியில் வெறும் வயிற்றில் 141 என்று இருக்கிறது, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘வற்றாப்பளைப் பொங்கலுக்கு அடுத்த நாள்’. கிளினிக் டொக்டர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டுச் சிரித்தார். மருந்தைக் கூட்டவில்லை, அடுத்த மாதம் திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறார்.